மாலை வேலையும் மருத்துவக் காப்பும்

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் என்னும் இந்நான்கனையும் வகுப்பறையில் விளக்கும்போது, "ஐயா, பணம் கொடுப்பவர் இவற்றுள் எதில் அடங்குவார்?" என்று மாணவருள் யாரேனும் ஒருவர் கேட்பது வழக்கம். வகுப்புச் சிரிக்கும்; நாமும் உடன் சிரிப்போம். ஆனால் 2022ஆம் ஆண்டில் ஒரு நாள் அவ்வாறு சிரிக்க நமக்கு மனம் வரவில்லை.

இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர். மாலை ஐந்து மணிக்கு நகரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றிற்குச் சென்று, இரவு பத்து மணி வரை துணிகளை எடுத்துக் காட்டுவதும் மடித்து அடுக்குவதும் அவர் பணி. தந்தையார் ஊர் ஊராகச் சென்று பாய் விற்பவர். முந்திய ஆண்டில் அம்மாணவர் நம்மிடம் வந்து, "கடையில் மற்றவர்களுக்கெல்லாம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், ஐயா. எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் உண்டா?" என்று வினவினார். "பகுதிநேரத்திற்கு ஏதப்பா இ.எஸ்.ஐ.!" என்று நாம் சற்றும் தயங்காமல் விடை கூறிவிட்டோம். கடை மேலாளரும் அதையே கூறியிருந்தாராதலின் மாணவர் அமைதியாகச் சென்றுவிட்டார். ஓராண்டு கழித்து அவருடைய அன்னையாருக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்து, அறுவைக்காகக் கம்மலும் அண்டாவும் அடகுக்குச் சென்ற செய்தி வந்தபோதுதான் சட்டம் உண்மையில் என்ன கூறுகிறது என்று நாம் எடுத்துப் பார்த்தோம். மேலாளர் கூறியதும் தவறு. நாம் கூறியது அதனினும் தவறு. மேலாளருக்கேனும் அதில் ஆதாயம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

கல்வியோடு மாலை வேலையும் பார்க்கும் மாணவரும், வீட்டுப் பொறுப்போடு அரை நாள் வேலைக்குச் செல்லும் மகளிரும் தமக்குரிய மருத்துவக் காப்பு எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதை அறிந்து வேலை தேடுதல் வேண்டும். அதற்குரிய செய்திகளை நாம் அறிந்த அளவில் ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் என்பதே மக்கள் நாவில் இ.எஸ்.ஐ. என வழங்குகிறது. தொழிலாளர்க்கான நலக் காப்பீடு பற்றிப் பேராசிரியர் அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையே இதற்கு வித்து. 1948இல் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழகத்தில் இது முதன்முதலாகக் கால் பதித்த ஊர் கோயம்புத்தூர், ஆண்டு 1955. பஞ்சாலைத் தொழிலாளர் நிறைந்த ஊராதலின் அது பொருத்தமே. பின்னர் ஆலைகளைக் கடந்து கடைகள், உணவகங்கள், திரையரங்குகள், போக்குவரத்து நிறுவனங்கள், தனியார் மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள் எனத் திட்டம் விரிந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. சட்டத்தின் பெயர் மாறினும் ஈட்டுறுதிக் கழகமும் அதன் மருந்தகங்களும் மருத்துவமனைகளும் தொடர்ந்து இயங்கி வருகின்றன.

இனி வினாவின் உயிர்நிலைக்கு வருவோம். இத்திட்டத்தில் ஊழியர் எனப்படுபவர் யார்? கூலியின்பொருட்டு ஒரு நிறுவனத்தில் அமர்த்தப்பட்டவர் என்பதே சட்டம் தரும் விளக்கத்தின் சாரம். நாள் முழுதும் உழைப்பவர் என்றோ, வாரத்திற்கு இத்தனை மணி நேரம் உழைப்பவர் என்றோ அவ்விளக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், தினக்கூலி பெறுபவர், பகுதிநேரப் பணியாளர் ஆகிய அனைவரும் இதனுள் அடங்குவர். கட்டணம் பெற்றுக்கொண்டு தம் தொழில்முறையில் ஆலோசனை வழங்கும் வழக்கறிஞரும் கணக்காயரும் ஊழியராகார்; அவர்கள் கடைக்கு வந்து போகிறவர்களே. மாலை ஐந்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, மேலாளர் சொற்படி நின்று, மாதந்தோறும் சம்பளம் பெறும் மாணவர் ஐயத்திற்கு இடமின்றி ஊழியரே.

நேரடியாகச் சம்பளம் தருபவர் வேறொருவராயினும் இவ்வுரிமை போய்விடாது. 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு ஒன்று இதற்குச் சான்று. ஐதராபாத்தில் ராயல் டாக்கீஸ் என்னும் திரையரங்கு. அதன் வளாகத்தில் சிற்றுண்டிச் சாலையும் சைக்கிள் நிறுத்துமிடமும் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. அங்குப் பணியாற்றியவர்கள் குத்தகைதாரரின் ஆட்கள், தம் ஆட்கள் அல்லர் என்பது திரையரங்கின் வாதம். படம் பார்க்க வருவோரின் வசதிக்காக, திரையரங்கின் எல்லைக்குள், அதன் தொழிலோடு ஒட்டி நடைபெறும் பணிகள் இவை. ஆகவே அவர்களுக்கும் திரையரங்கே பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு கூறியது. சைக்கிளுக்குச் சீட்டுக் கொடுக்கும் சிறுவனையும் உள்ளே சேர்த்துக்கொண்ட சட்டம், துணி மடிக்கும் மாணவரை வெளியே நிறுத்துமா?

எனினும் எல்லா வேலைக்கும் இக்காப்பு உண்டு என்று எண்ணிவிடுதல் ஆகாது. நிறுவனத்தில் பத்துப் பேரேனும் பணியாற்றுதல் வேண்டும். அப்பத்துப் பேரை எண்ணும்போது பகுதிநேரத்தாரையும் ஒப்பந்தக்காரர் வழி வந்தோரையும் சேர்த்தே எண்ண வேண்டும். இங்கேதான் பல கடைகள் கணக்கில் தந்திரம் செய்கின்றன. முழுநேரத்தார் எண்மர், மாலையில் வரும் மாணவர் அறுவர்; ஆகப் பதினால்வர். பதிவேட்டிலோ எண்மர் மட்டுமே இருப்பர். அறுவரின் பெயர் ஏட்டில் ஏறினால் எண்மருக்கும் காப்பு வந்துவிடும் என்பதனாலேயே அவ்வறுவரும் ஏட்டில் ஏறாதிருக்கின்றனர். ஒரு முறை திட்டத்திற்கு உட்பட்டுவிட்ட நிறுவனம், பின்னர் ஆள் குறைந்தாலும் அதிலிருந்து விலக இயலாது என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

ஆதலின், வேலை தேடும் மாணவர் கடையின் அளவை நோக்க வேண்டும். பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடை, பல்பொருள் அங்காடி, தொடர் உணவகம், மருந்துக்கடைத் தொடர், தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசை, அச்சகம், காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு ஆகிய இடங்களில் பகுதிநேர வேலை கிடைத்தால் காப்பும் உடன் கிடைக்க வழியுண்டு. தெரு முனையில் மூவர் மட்டுமே வேலை பார்க்கும் நகல் எடுக்கும் கடையில் அது கிடையாது. வீடு வீடாகச் சென்று பாடம் சொல்லிக் கொடுத்தல், கல்யாணப் பந்தியில் பரிமாறுதல் ஆகியவற்றிலும் கிடையாது. இரு சக்கர வண்டியில் உணவு கொண்டு சேர்க்கும் வேலைக்கு இப்போது மாணவர் பெருவாரியாகச் செல்கின்றனர். புதிய தொகுப்புச் சட்டம் இவ்வகைப் பணியாளரைத் தனிப் பிரிவாக வைத்து, அவர்களுக்கெனத் தனி நிதியம் ஒன்றையும் வகுத்துள்ளது. ஆனால் ஜவுளிக்கடைப் பணியாளரைப்போல் அவர்களும் இ.எஸ்.ஐ. ஊழியர் என்று கொள்வதற்கில்லை. மழையிலும் வெயிலிலும் வண்டி ஓட்டுபவருக்கு உள்ள இடர் மிகுதி, காப்போ குறைவு. இரண்டு வேலைகளும் ஏறத்தாழ ஒரே ஊதியம் தருமாயின் நாம் கடை வேலையையே பரிந்துரைப்போம்.

அடுத்து, இதற்கு ஆகும் செலவு. 2019 ஜூலை முதல் ஊழியரின் பங்கு ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கு. முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றே கால். மாதம் 6,000 ரூபாய் பெறும் மாணவரிடம் பிடிக்கப்படுவது 45 ரூபாய். முதலாளி செலுத்துவது 195 ரூபாய். நாட்கூலியின் சராசரி 176 ரூபாய்க்கு மேற்படாதவர் தம் பங்கைச் செலுத்தவே வேண்டியதில்லை என விலக்கும் அளிக்கப்பட்டது. மாதம் 4,000 ரூபாய் பெறுபவர் அவ்விலக்கில் அடங்குவார். அவருக்காக முதலாளி மட்டும் 130 ரூபாய் செலுத்துவார். 2017 ஜனவரியில் திட்டத்திற்குரிய ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. பகுதிநேர ஊதியம் பெரும்பாலும் அதன் பாதியையும் எட்டாதாகையால் இவ்வரம்பைப் பற்றி நாம் கவலையுற வேண்டியதில்லை. முதலாளி தம் பங்கையும் சேர்த்து ஊழியரின் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வது சட்டப்படி குற்றமாகும். "உன் சம்பளத்தில் 240 ரூபாய் போய்விடும், வேண்டுமா?" என்று அச்சுறுத்தப்பட்டவர்களை நாம் அறிவோம்.

இனிப் பயன். வேலையில் சேர்ந்து பதிவான நாள் முதற்கொண்டு ஊழியருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் மருத்துவம் உண்டு. குடும்பம் என்பதனுள் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், ஊழியரை நம்பி வாழும் பெற்றோர் அடங்குவர். பெற்றோருக்கு வருமான வரம்பு ஒன்று உண்டு. திருமணமாகாத ஊழியருக்குப் பெற்றோர் இல்லாதவிடத்து, அவரையே முழுதும் நம்பி வாழும் வயது நிரம்பாத தம்பி தங்கையரும் இதில் சேர்வர். சட்டத்தின் இந்தச் சிறு விதியைப் படித்தபோது, இதனை எழுதியவர் யாரோ ஓர் அண்ணனாகத்தான் இருத்தல் வேண்டும் என்று நமக்குத் தோன்றியது. நாம் குறிப்பிட்ட மாணவரின் பெயர் 2021இலேயே பதிவாகியிருந்தால், பாய் விற்கும் தந்தையாரும் அன்னையாரும் அவருடைய வரம்புக்குட்பட்ட குடும்பமாகவே கொள்ளப்பட்டிருப்பர். மாதம் 45 ரூபாயில் அடங்கியிருக்கும் காரியம் அடகுக்கடை வரை சென்றது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். ஏழைக் குடும்பங்களுக்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கே அது பயன்படுவது. காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதற்கும், சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் மாத்திரை பெறுவதற்கும், நோயால் இழந்த கூலியை ஈடு செய்வதற்கும் அதில் இடமில்லை. இ.எஸ்.ஐ. இவை மூன்றனையும் தன்னுள் கொண்டது.

இழந்த கூலியைப் பெறுவதற்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம்; அக்டோபர் முதல் மார்ச்சு வரை மற்றொன்று. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாள்களுக்கேனும் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், அதற்கு நேரான பயன் காலத்தில் நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாத நாள்களுக்குச் சராசரிக் கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். ஆண்டிற்கு 91 நாள் வரை இதனைப் பெறலாம்; பொதுவாக முதல் இரண்டு நாள்களுக்குக் கிடையாது. ஏப்ரல் - செப்டம்பர்ச் சந்தாவிற்குரிய பயன், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் - மார்ச்சுச் சந்தாவிற்குரியது, ஜூலை முதல் டிசம்பர் வரை. இங்கே எண்ணப்படுவது நாள் என்பதைப் பகுதிநேரத்தார் கருத்திற் கொள்ள வேண்டும். மணிக்கணக்கை வைத்து இந்நிபந்தனை அமைக்கப்படவில்லை. வாரத்தில் ஆறு நாள் மாலையில் மட்டும் செல்பவர் மூன்று மாதங்களில் 78 நாளை எட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுதும் உழைப்பவர் ஆறு மாதத்திலும் எட்டமாட்டார். ரமலான் இரவுகளிலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் கடைகள் நம் மாணவரை நள்ளிரவு வரை வைத்துக்கொள்கின்றன. அந்த ஒரு மாத வேலைக்கும் பதிவு செய்ய வேண்டும், மருத்துவமும் உண்டு; நோய்க்காலக் கூலிக்கு மட்டும் அந்நாள்கள் போதா. ஆகவே ஒரே ஊதியத்திற்கு இரு வேலைகள் வாய்க்குமாயின், சில நாள் நீண்ட நேரம் உழைக்கும் வேலையைவிடப் பல நாள் சிறிது நேரம் உழைக்கும் வேலை மேலானது.

வேலையால் நேரும் காயத்திற்கோ இந்நாட்கணக்கு ஒன்றும் இல்லை. சேர்ந்த முதல் நாளே ஏணியிலிருந்து விழுந்தாலும், தற்காலிகமாக உழைக்க இயலாத நாள்களுக்குக் கூலியில் நூற்றுக்கு 90 பங்கு உண்டு. வேலையை ஒட்டி வீட்டிற்கும் கடைக்கும் இடையே வழியில் நேரும் விபத்தும் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இதனுள் வந்தது. இரவு பத்து மணிக்குக் கடை மூடியபின் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்களுக்கு இது சிறு செய்தி அன்று. மகப்பேற்றுக்கு 26 வாரம் முழுக்கூலி உண்டு. அதற்கும் முன்னைய சந்தாக்கள் வேண்டும். ஈட்டுறுதி பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கழகத்தின் மருத்துவக் கல்லூரிகளில் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளமையும் பலர் அறியாத செய்தி. சென்னைக் கலைஞர் கருணாநிதி நகரில் அத்தகைய கல்லூரி ஒன்று உள்ளது.

மேற்படிப்பிற்காக அமெரிக்கா செல்லும் மாணவரும் நம்மிடையே உளராதலின், அந்நாட்டு நிலையையும் ஒப்பு நோக்குதல் தகும். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அங்கே ஊதிய உயர்வுக்குத் தடை விதிக்கப்பட்டது. கூலியை உயர்த்த இயலாத நிறுவனங்கள் மருத்துவக் காப்பீட்டைத் தந்து ஆள்களை ஈர்த்தன. அன்று முதல் வேலையும் காப்பீடும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. 2010இல் இயற்றப்பட்ட சட்டம் ஐம்பது முழுநேர ஊழியருக்கு ஈடான ஆள்பலமுள்ள நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் வாரத்திற்கு 30 மணி நேரம் உழைப்பவரையே அது முழுநேரத்தார் என்கிறது. முப்பதில் ஒன்று குறைந்தால் காப்பீடு தரும் கடமை இல்லை! 29 மணி நேரத்தோடு வேலையை நிறுத்திவிடும் நிறுவனங்கள் தோன்றியதில் வியப்பில்லை. ஹவாய் மாநிலம் மட்டும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாரத்திற்கு 20 மணி நேரம் உழைப்பவர்க்கே அவ்வுரிமையை அளித்தது. ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை நிறுவனம் 1988இல் தானாகவே முன்வந்து பகுதிநேரத்தாருக்கும் காப்பீடு வழங்கத் தொடங்கியது. அத்தகைய நிறுவனங்களைத் தேடித் தேடி வேலைக்குச் சேர்வோர் அங்கே மிகுதி. நம் நாட்டுச் சட்டத்தில் அவ்வாறு மணிக்கணக்கில் இழுக்கப்பட்ட கோடு இல்லை. சட்டம் போடாத கோட்டைக் கடை மேலாளர்கள் போட்டுவைத்திருக்கின்றனர். நாமும் அதற்கு உடன்பட்டு வந்திருக்கிறோம்.

இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் குறையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. வரிசை நீளம், மாத்திரை சில நேரம் இருப்பில் இராது, பெரிய சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் பெற்று வேறு மருத்துவமனைக்குச் செல்வதற்குள் இரண்டு மூன்று நாள் அலைய நேரும். வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மருந்தகத்தில் காத்திருந்தவர் அன்றைய கூலியை எண்ணிச் சலித்துக்கொள்வது இயல்பே. எனினும் வட்டிக்கு வாங்கும் கடனை நோக்க அவ்வரிசை எத்தனையோ மேல்.

வேலையில் சேரும் நாளில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, "என் பத்து இலக்கக் காப்பீட்டு எண் எப்போது கிடைக்கும்?" என்றும் கேட்டுவிட வேண்டும். அவ்வெண் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றே. கடை மாறினாலும், பின்னாளில் வேறூர் சென்றாலும் அதே எண்ணைத் தரவேண்டும். புதிதாக ஒன்று வாங்கினால் பழைய சந்தா கணக்கில் சேராது போகும். பதிவின்போது பெற்றோரின் பெயரையும் ஆதார் விவரத்தையும் குடும்பப் பட்டியலில் ஏற்றச் சொல்லுதல் இன்றியமையாதது. ஊழியரின் பெயர் மட்டும் ஏறி, பெற்றோரின் பெயர் விடுபட்ட அட்டைகளையே நாம் மிகுதியாகக் கண்டோம். மாதந்தோறும் சந்தா செலுத்தப்படுகிறதா என்பதைக் கழகத்தின் இணையதளத்தில் தம் எண்ணைக் கொண்டு தாமே பார்த்துக்கொள்ளலாம். சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் முதலாளிகளும் உளர். அது நம்பிக்கை மோசடியாகக் கொள்ளப்படும் குற்றம். முதலாளி கட்டத் தவறியதனால் ஊழியர் பயன் இழக்க நேருமிடத்து, கழகம் ஊழியருக்கு உரியதைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

மேலாளர் மறுத்தால் அவரோடு வாதிட்டுப் பயனில்லை. சென்னையில் மண்டல அலுவலகமும், கோயம்புத்தூர், மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஊர்களில் துணை மண்டல அலுவலகங்களும் உள்ளன. கடையின் பெயர், முகவரி, வேலை நேரம், சேர்ந்த நாள், மாலையில் வருவோரையும் சேர்த்துப் பணியாற்றுவோரின் தோராயமான எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து ஒரு மனு எழுதினால் போதும். சம்பளம் வங்கி வழி வருமாயின் அதன் பதிவு, இல்லையேல் கடை தந்த அடையாள அட்டை, சீருடையோடு எடுத்த படம், மேலாளர் கைப்பேசியில் அனுப்பிய வேலை நேரச் செய்தி என எது கையிலுள்ளதோ அதன் படியை இணைக்கலாம். வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர் தனித்து எழுதாமல் நால்வராகச் சேர்ந்து எழுதுவது நல்லது.

நாம் குறிப்பிட்ட மாணவர் தம் உடன் பணியாற்றிய ஐவரோடு சேர்ந்து அத்தகைய மனுவை எழுதினார். நாமும் உடனிருந்து சொற்களைத் திருத்திக் கொடுத்தோம். ஆறாம் வாரத்தில் அறுவருக்கும் எண் வந்தது. அன்னையாரின் அறுவைக்கு அது உதவவில்லை, காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு தந்தையாரின் கண்புரைக்கு உதவிற்று. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியவில்லை என்று தயங்கும் மாணவர் எத்துறையினராயினும், நண்பகல் இடைவேளையில் தமிழ்த்துறைக்கு வருக.